எம்ஜிபி இன்ஜினில் கம்ப்ரஷன் அளப்பது

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி இன்ஜினில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், எடுக்கும் முன் வால்வ் கிளியரன்ஸைப் (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி) பாருங்கள். பழைய இன்ஜின்களில் ஆறிய நிலையில் 0.015 அங்குலம். இது இறுகியிருந்தால் வால்வ் முழுதாக உட்காராது; நல்ல சிலிண்டரும் கெட்டதுபோல் காட்டும்.

பிறகு இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் ஸ்டார்ட்டர் திணறும், அளவும் குறையும். காயிலுக்குப் போகும் ஒயரைப் பிரித்து வையுங்கள். ஆக்சிலரேட்டரை ஒருவர் தரையோடு மிதித்தே இருக்க வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் பலர் இன்ஜின் போய்விட்டது என்று பயப்படுகிறார்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும்.

கம்ப்ரஷன் கேஜை (அழுத்தமானி) பிளக் துளையில் பொருத்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள்; ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறேழு சுற்று போதும். முள் எங்கே நிற்கிறது என்பதோடு எப்படி ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள். முதல் அடியில் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு), அடுத்து 90, 115 என்று நொண்டி நொண்டி ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாமலே நின்றால் வால்வ்.

உறுதி செய்ய, பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் 20டபிள்யூ-50 ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். அளவு நன்றாக உயர்ந்தால் ரிங்தான். இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் சேர்ந்தே குறைவாக இருந்து, ஆயில் விட்டும் அசையவில்லையென்றால், முதல் சந்தேகம் அவற்றுக்கு நடுவே ஊதிப்போன ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) மேல் விழ வேண்டும்.

150 வருகிறதா 165 வருகிறதா என்பதைவிட, நான்குக்கும் இடையே பத்து சதவீதத்துக்குள் வித்தியாசம் இருப்பதே முக்கியம்.