லைனத்திலிருந்து பிரைஸ் நார்ட்டனுக்கு

ராணுவப் போக்குவரத்து விமானங்களின் பராமரிப்புப் பிரிவுகளை இணைத்தால் செலவு குறையும் என்று யாரேனும் எழுதினால், இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் இருந்த லைனம் தளம்தான் எனக்கு உடனே நினைவுக்கு வருகிறது. 1967இல் ஹெர்குலிஸ் என்ற போக்குவரத்து விமானங்கள் பிரிட்டிஷ் விமானப்படையில் சேரத் தொடங்கின. வாங்கப்பட்ட 66 விமானங்களும் முதலில் லைனம், ஃபேர்ஃபோர்டு, சிங்கப்பூரின் சாங்கி உள்ளிட்ட தளங்களில் பிரிந்திருந்தன. 1970களின் நடுப்பகுதிக்குள் அவை லைனத்தில் ஒன்றுசேர்ந்தன.

அங்கே எந்த விமானமும் எந்த ஸ்குவாட்ரனுக்கும் (விமானப்படைப் பிரிவுக்கும்) சொந்தமில்லை. விமானிகள் ஸ்குவாட்ரன்களில் இருந்தார்கள். விமானங்கள் பொதுத் தொகுப்பில் இருந்தன. ஒரு ஸ்குவாட்ரனின் விமானம் உதிரிபாகத்துக்காகக் காத்து நிற்கையில் பக்கத்து ஸ்குவாட்ரனின் விமானம் வேலையின்றி நிற்கும் வீண்செலவு இந்த முறையில் மறைந்துவிடுகிறது. ஆனால் ஒரே விமானத்தை நாள்தோறும் தொட்டுப் பார்க்கும் மெக்கானிக்குக்கு, எந்த எஞ்சின் காலைக் குளிரில் முரண்டுபிடிக்கும் என்பது பதிவேட்டைப் புரட்டாமலே தெரியும். தொகுப்பு பெரிதாகும்போது முதலில் கைநழுவுவது அந்த அறிவுதான் என்பது என் கருத்து.

இரண்டாவது இணைப்பு வேறு வகையானது. லைனத்தை மூடும் முடிவு 2003இல் அறிவிக்கப்பட்டது. 2011 ஜூலையில் ஹெர்குலிஸ்கள் வான்வழியில் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள பிரைஸ் நார்ட்டன் விமானப்படைத் தளத்துக்குக் குடிபெயர்ந்தன. அங்கே ஏற்கெனவே விசி-10, டிரைஸ்டார், சி-17 ஆகிய பெரிய ஜெட் விமானங்கள் இருந்தன. ஓடுபாதை, சரக்கு முனையம், தீயணைப்பு, காவல் ஆகியவற்றை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். ஹேங்கருக்குள் அப்படி முடியாது: ஹெர்குலிஸின் டர்போபிராப் (சுழல்விசிறியை இயக்கும்) எஞ்சினில் தேர்ந்தவரை மறுநாளே சி-17இன் ஜெட் எஞ்சினில் கைவைக்கச் சொல்ல முடியாது, கருவிகளும் உதிரிபாகங்களும் பயிற்சியும் வேறு வேறு. ஹெர்குலிஸின் பெரிய பராமரிப்பு வேலைகளோ 1960களிலிருந்தே கேம்பிரிட்ஜின் மார்ஷல் நிறுவனத்தில் நடந்துவந்தன. ஆக, இணைந்தது தளமே தவிர, பராமரிப்பு அல்ல. மிச்சம் பிடித்ததும் பெரும்பாலும் நிர்வாகச் செலவில்தான் இருக்கும்.

இரண்டு தளங்கள் இருந்ததன் பயன் 2007இல் தெரிந்தது. பிரைஸ் நார்ட்டனில் ஓடுபாதைப் பணி நடந்ததால், இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இறந்த வீரர்களின் உடல்கள் லைனத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அருகிலிருந்த வூட்டன் பாசெட் நகரத்து மக்கள் ஒவ்வொரு முறையும் தெருவோரம் நின்று அஞ்சலி செலுத்தினார்கள். அந்நகரம் 2011இல் தன் பெயரில் ‘ராயல்’ என்ற அடைமொழியைப் பெற்றதும் அதனால்தான். 2022 ஜூலையின் கடும் வெப்பத்தில் பிரைஸ் நார்ட்டனின் ஓடுபாதை பாதிக்கப்பட்டு விமானப் போக்குவரத்து நிறுத்தப்பட்டபோது, வேறு விமான நிலையங்களை நாட வேண்டியிருந்தது. லைனம் விமானத் தளமாக இல்லாமல் போய்ப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்த ஆண்டு ஜூனில் ஹெர்குலிஸ்களும் பிரிட்டிஷ் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்றன. லைனத்தில் இப்போது தரைப்படையின் தொழில்நுட்ப வீரர்கள் இயந்திரங்களைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.