மீட்டர் கேஜில் பாங்காக் வரை

மலேசியாவிலிருந்து தாய்லாந்துக்கு ரயிலிலேயே போக முடியும் என்பதைச் சென்னையின் பயண முகவர்கள் ஏன் வாய் திறந்து சொல்வதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. அல்லது நன்றாகவே விளங்குகிறது. தியாகராய நகரில் நாங்கள் விசாரித்த ஒருவர், "வெளிநாடு போய் ரயில்ல யார் மேடம் சுத்துவாங்க? குழந்தைங்க இருக்காங்க, பேக்கேஜ்ல போங்க" என்று சொல்லி நீட்டிய தொகையில் வீட்டுக்குப் பெயின்ட் அடித்திருக்கலாம். அது போதாதென்று, இரு நாடுகளின் இணைய வருகைப் பதிவை நிரப்பித் தருவதற்கு ஆளுக்கு 1,500 ரூபாய் தனியாகக் கேட்டார். மலேசியாவின் பதிவும் தாய்லாந்தின் பதிவும் முற்றிலும் இலவசம். நாட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் கைப்பேசியிலேயே முடித்துவிடலாம். அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளித்துப் பணம் பறிக்கும் தளங்களும் உலவுகின்றன என்பதால், முகவரியை மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விசாவைப் பொறுத்தவரை, இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் 30 நாள் தங்கும் சலுகை தந்திருக்கிறது. தாய்லாந்திலும் எங்களிடம் விசா கேட்கவில்லை.

எங்கள் திட்டம் எளிமையானது. கோலாலம்பூருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து ரயிலிலேயே வடக்கு நோக்கி நகர்ந்து, பாங்காக்கிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறுவது. போன வழியே திரும்பினால் நாளும் வீண், பணமும் வீண். ஒவ்வொரு ஊரிலும் கால் வலிக்கிற அளவுக்கு ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்பது கணவரின் நிபந்தனை. பெட்டிக்குத் தனிக் கட்டணம் கட்டக் கூடாது என்பது என் நிபந்தனை. ஆளுக்கு ஒரு முதுகுப்பை, ஏழு கிலோவுக்குள்.

கோலாலம்பூரைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. கேஎல் சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயில் நேராகப் பத்துமலை அடிவாரத்திலேயே இறக்கிவிடுகிறது; 272 படிகளை ஏறி முருகனைக் கும்பிட்டோம், குரங்குகளிடம் தண்ணீர் பாட்டிலைப் பறிகொடுத்தோம், அவ்வளவுதான்.

மறுநாள், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் மின்ரயில். கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) வண்டியில் கல்லூரிக்குப் போன தலைமுறையைச் சேர்ந்தவள் நான். 2004-இல் அந்தப் பாதையை நிறுத்தியபோது, குறுகிய பாதை என்றாலே மெதுவான வண்டி என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அதே மீட்டர் கேஜில் மலேசியாவில் 140 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓடுகிறது, கையிலிருந்த தேநீர் தளும்பவில்லை. ஒருவருக்கு 80 ரிங்கிட்டுக்குள் முடிந்த இந்தப் பயணத்தில் என் ஒரே குறை குளிர்சாதனம்தான். துப்பட்டாவும் துண்டும் போர்வையாயின.

பட்டர்வொர்த் நிலையத்தை ஒட்டியே படகுத்துறை இருக்கிறது. கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் படகில் கடலைக் கடந்தால் பினாங்கின் ஜார்ஜ் டவுன். மறுநாள் விடியற்காலையில் பினாங்கு மலைக்குக் கிளம்பினோம். தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து உச்சிக்கு ஜீப் செல்லும் தார்ச்சாலை ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் எங்குமே தட்டையாக இல்லை. பரங்கிமலைக்கு மேல் வேறு மலை ஏறிப் பழகாத என் மகன் பாதி வழியில் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, "நான் இங்கயே இருக்கேன், வரும்போது கூட்டிட்டுப் போங்க" என்று அறிவித்தான். எழுபது வயதைத் தாண்டிய சீனப் பாட்டி ஒருவர் இரண்டு கைகளிலும் ஊன்றுகோலுடன் அவனைக் கடந்து சென்றபோது, தன்மானம் அவனை எழுப்பிவிட்டது. ஏறுவதற்கு நடை, இறங்குவதற்கு மட்டும் மலைரயில் என்பதால் அதிலும் கட்டணம் மிச்சம். அன்று மதியம் லிட்டில் இந்தியாவில் வாழையிலை போட்டுச் சாப்பிட்ட சாப்பாட்டில், புளிக்குழம்பை மூன்றாம் முறை ஊற்றிய பெரியவர் காரைக்குடிப் பக்கத்துத் தமிழில் "நல்லா சாப்பிடுங்க ஆச்சி" என்றார். மாம்பலத்துக்காரியான என்னை அதற்குமுன் யாரும் அப்படி அழைத்ததில்லை.

இனி இந்தப் பயணத்தின் உச்சம். பட்டர்வொர்த்திலிருந்து எல்லையான பாடாங் பெசாருக்கு 12 ரிங்கிட் அளவில் புறநகர் ரயில். அங்கே ஒரே நிலையக் கட்டடத்துக்குள் மலேசிய முத்திரையும் தாய்லாந்து முத்திரையும் குத்திவிடுகிறார்கள். தாய்லாந்துக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பதால் பயணச்சீட்டில் இருப்பது எந்த நாட்டு நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் பாங்காக் வண்டி கிளம்பியது. இருட்டியதும் பணியாளர் வந்து, எதிரெதிர் இருக்கைகளை இழுத்து ஒரே படுக்கையாக்கி, மெத்தையை விரித்து, சலவை செய்த வெள்ளை விரிப்பை மூலை மடித்துச் செருகி, திரைச்சீலையை மாட்டிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போன வேகத்தைப் பார்த்து என் மகள் வாயடைத்துப் போனாள். நம் வண்டிகளின் சைடு லோயரில் முட்டியை மடக்கிப் படுத்தவர்களுக்கு இந்தக் கீழ்ப்படுக்கையின் அகலம் நம்ப முடியாததாக இருக்கும். கீழ்ப்படுக்கை ஆயிரம் பாட்டை ஒட்டி வரும், மேற்படுக்கை அதைவிடக் குறைவு. விடுதி வாடகை ஓர் இரவுக்கு மிச்சமாவதைக் கணக்கில் கொண்டால் இது கொள்ளை மலிவு. ரயிலில் மது அருந்தத் தடை இருப்பதால் குடும்பத்தோடு போவோருக்குத் தொல்லையும் இல்லை.

பாங்காக்கில் தங்கிய கதையை விட்டுவிடுகிறேன். அங்கே எனக்கு நினைவிருப்பது எரிச்சல் மட்டும்தான். பாங்காக்குக்கு மேற்கே இருக்கும் காஞ்சனபுரிக்குப் போகும் காலை ரயில், நகரின் தோன்புரி நிலையத்திலிருந்து எட்டு மணிக்கு முன்பே கிளம்பிவிடும். எங்கள் அவசரத்தை முகத்திலேயே படித்துவிட்ட டாக்சிக்காரர், மீட்டரின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு 400 பாட் என்றார். சென்னை ஆட்டோக்களில் பட்டம் பெற்றவர்கள் நாங்கள். இறங்கி நடப்பதுபோல் பத்தடி போனதும் துண்டு விலகியது. மீட்டர் காட்டியது அதில் பாதிகூட இல்லை. அடுத்து ரயில்வேயின் முறை: காஞ்சனபுரி வழியாக 'நாம் தோக்' என்ற ஊர் வரை செல்லும் இந்தப் பாதையில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் வெளிநாட்டவருக்கு 100 பாட். உள்ளூர்க்காரர் சில்லறைக் காசில் போகிறார். மரியாதையாகச் சொன்னால், இது நியாயமில்லை.

ஆனாலும் கொடுங்கள். ஏனென்றால் அது சயாம் மரண ரயில் பாதை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-43-இல், ஜப்பானியர் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்து 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட அந்தப் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். காஞ்சனபுரியில் ஒரு நாள் தங்கிவிட்டு மறுநாள் மேலே சென்றோம். கிராஸே குகை அருகே வண்டி நடைவேகத்துக்கு இறங்கி, பாறைச் சுவரை உரசுவதுபோல ஆற்றோரத்து மரத்தூண்களின் மேல் கிறீச்சிட்டுக்கொண்டு ஊர்ந்தது. 'நாம் தோக்'கில் இறங்கி, பேரம் பேசிப் பிடித்த வண்டியில், அந்தப் பாதைக்காகப் பாறையைக் குடைந்த ஹெல்ஃபயர் கணவாய்க்குப் போனோம். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் காட்சியகம் இலவசம், ஒலி வழிகாட்டியும் இலவசம். மூங்கில் காட்டுக்குள் படியிறங்கினால், சுத்தியலாலும் உளியாலும் வெட்டிய பாறைப் பிளவுக்குள் பழைய தண்டவாளத் தடத்திலேயே நடக்கலாம். பாறையில் முறிந்து சிக்கிய துளைக்கம்பி ஒன்று இன்னும் துருத்திக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து நெடுஞ்சாலைக்கு வந்து காஞ்சனபுரிக்குத் திரும்பும் சாதாரணப் பேருந்தைப் பிடித்தோம்.

முதல் நாள் மாலை காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில், போர்க்கைதிகளின் ஏறக்குறைய 7,000 கல்லறைகளுக்கு இடையே பெயர்களைப் படித்தபடி நடந்த மகள், "அம்மா, நம்ம ஆளுங்க பேரு எங்கம்மா?" என்று கேட்டிருந்தாள். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. அந்தப் புல்வெளியில் அவர்களுக்கு இடமில்லை.

எப்போது போவது என்று கேட்பவர்களுக்கு: சித்திரை முதல் நாளை ஒட்டிய வாரம் வேண்டாம், நம் புத்தாண்டுச் சமயத்தில்தான் அங்கே தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரான், படுக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. அரையாண்டு விடுமுறையும் உகந்ததல்ல. தென்தாய்லாந்திலும் நம்மைப் போலவே வடகிழக்குப் பருவமழைக் காலம் அது, 2025 நவம்பரில் ஹட்யாய் நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. மே மாதம்தான் மிஞ்சுகிறது. வெயில் கொளுத்தும் என்று பயமுறுத்துவார்கள். கத்திரி வெயிலில் சென்னையில் குடியிருப்பவர்களிடம் போய் அதைச் சொல்ல வேண்டாம்.