சீட்டில் வெறும் ‘நெக் ஸ்கேன்’ என்று இருந்தால் கிளம்பாதீர்கள்

அம்மாவுக்கு ஷோக்ரன் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய்) இருப்பது பல வருடங்களாகத் தெரியும். வறண்ட கண்ணுக்குச் சொட்டு மருந்து, வாய்க்கு அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் என்று பழகிவிட்டார். காதுக்குக் கீழே அவ்வப்போது வீங்கும், தானாக வடிந்துவிடும். இந்த முறை இடது பக்கம் மட்டும் வடியவே இல்லை. இந்த நோயைப் பார்க்கும் ருமட்டாலஜி டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, காலில் சிவப்புப் புள்ளிகள் வந்ததா என்று கேட்டார். ரத்தத்தில் சி4 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதம் குறைந்திருந்தது. ஷோக்ரன் உள்ளவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு லிம்போமா என்னும் நிணநீர் மண்டலப் புற்றுநோய் வரலாம், வடியாத வீக்கமும் குறைந்த சி4-உம் சேர்ந்தால் பார்த்தே ஆக வேண்டும் என்றார்.

ஸ்கேன் சீட்டில் ‘யூஎஸ்ஜி நெக்’ (கழுத்து அல்ட்ராசவுண்ட்) என்று மட்டும் இருந்தது. வினையே அங்கேதான். எங்கள் ஊர் ஸ்கேன் சென்டரில் காலையிலிருந்து காத்திருந்தோம். ரிப்போர்ட்டில் தைராய்டைப் பற்றி அரைப் பக்கம். காதுக்குக் கீழே வீங்கிய பரோட்டிட் என்னும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு ஒரே வரி: ‘பெரிதாக உள்ளது, அழற்சியாக இருக்கலாம்’. அளவு இல்லை, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் இல்லை, தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. கவுன்டரில் கேட்டால், “சீட்டுல நெக்னுதானே மேடம் எழுதியிருக்கு? புது சீட்டு வாங்கிட்டு வாங்க, பில் திரும்பப் போடணும்” என்றார்கள். அந்த ஒரு வரியை நம்பி பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வீக்கம் அசையவில்லை. வீணாய்ப் போன அந்த நாட்களை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

புது சீட்டில் டாக்டர் எல்லாவற்றையும் எழுதினார்: நோயின் பெயர், இரண்டு பக்கப் பரோட்டிட், இரண்டு பக்கத் தாடையடிச் சுரப்பி, கழுத்து நெறிக்கட்டி, டாப்ளர், லிம்போமா சந்தேகம். நீங்களும் இப்படியே கேட்டு வாங்குங்கள். எங்கே ஸ்கேன் எடுப்பது என்பதையும் உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பார்த்துப் பழகிய கை வேண்டும்.

இரண்டாவது இடத்தில் ரேடியாலஜி டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டியே விளக்கினார். நல்ல சுரப்பி ஒரே சீராகச் சாம்பல் நிறத்தில் தெரியுமாம். அம்மாவுடையது சிறுத்தைத் தோல் மாதிரி கறுப்புப் புள்ளிகள். அது ஷோக்ரனிலேயே வருவதுதான், 0 முதல் 3 வரை தரம் போடுவார்கள், அம்மாவுக்கு 3. ஆனால் இடது பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, அடர்ந்த கறுப்பாக இருந்தது. டாப்ளரில் ரத்த ஓட்டமும் அதிகம். “ஸ்கேனை மட்டும் வச்சு லிம்போமான்னு சொல்ல முடியாதும்மா. ஊசி எங்க போடணும்னு சொல்லலாம்” என்றார். சுரப்பியின் ஆழப்பகுதி தாடை எலும்புக்குப் பின்னால் மறைந்துவிடும் என்பதால் எம்ஆர்ஐயும் எடுக்கச் சொன்னார்.

அப்புறம் மெல்லிய ஊசியில் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்என்ஏசி எடுத்தார்கள். ‘லிம்போசைட்டுகள் உள்ளன, உறுதியாகக் கூற இயலாது’ என்று வந்தது. ஷோக்ரன் சுரப்பி முழுக்க லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்கள்தான் இருக்கும், வேறென்ன வரும்? திசுவாகவே எடுக்கும் கோர் பயாப்ஸி செய்ய முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்களுக்கு முன்னால் இருந்த ஒருவரை அதற்காகவே திருப்பி அனுப்பினார்கள். முக நரம்பு அந்தச் சுரப்பி வழியாகத்தான் போகிறது என்று கேட்டதிலிருந்து வாய் கோணிவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கோர் பயாப்ஸி ஊசி போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த மல்லுக்கட்டு லேபில். சிறப்புச் சாயப் பரிசோதனைக்காக, எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கை வேறு லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்லைடு தருவோம், பிளாக் தர முடியாது என்றார் அங்கிருந்தவர். டாக்டரிடம் கடிதம் வாங்கி வந்து நீட்டி, கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகுதான் நகர்ந்தேன்.

முடிவு: மால்ட் லிம்போமா. மெதுவாக வளரும் வகை. பெட் ஸ்கேனில் வேறெங்கும் பரவல் இல்லை. இப்போதைக்கு மருந்து வேண்டாம், கண்காணிப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேன் படங்களை சிடியிலும் கேட்டு வாங்கிவிடுங்கள், தாள் பிரிண்ட் நாளாவட்டத்தில் மங்கிவிடும். போன முறை அதே ரேடியாலஜி டாக்டர் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து அளந்தார். அளவு கூடவில்லை.