எஃகு ஜாடியில் அரைத்த மண்

ஆம்பூரை அடுத்து, தோல் பதனிடும் கழிவுநீர் பல ஆண்டுகள் ஓடிய ஒரு நிலத்தின் மண்ணில் குரோமியத்தை லேசர் நிறமாலை முறையில் அளப்பதே என் முதுநிலைத் திட்டப்பணி. லிப்ஸ் என்று ஆய்வகத்தில் சுருக்கமாகச் சொல்வோம். வில்லையாக அழுத்திய மண்ணின் மேல் துடிப்பு லேசரைக் குவித்தால், அந்தப் புள்ளி ஆவியாகிப் பிளாஸ்மாவாக ஒளிரும். அந்த ஒளியில் 425.4 நானோமீட்டரில் எழும் கோடு குரோமியத்துடையது. சுடுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சுடத் தகுந்த வில்லை செய்யத்தான் எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

ஒப்பீட்டுக்காக அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம், அருகில் தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) எதுவும் இல்லாத ஒரு மானாவாரிக் கொல்லையிலிருந்தும் மண் எடுத்திருந்தேன். இரண்டையும் நிழலில் உலர்த்தி, வேர்களையும் கற்களையும் பொறுக்கி, கூம்பாகக் குவித்து நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் எடுத்து, 105 டிகிரியில் சூளையில் வைத்தேன். பிறகு பால் மில்லில், அதாவது குண்டுகள் உருண்டு அரைக்கும் ஜாடியில், இருபது நிமிடம் அரைத்துச் சலித்து, வில்லையாக்கிச் சுட்டபோது, அணைக்கட்டு மண்ணிலும் குரோமியக் கோடு ஏறத்தாழ ஆம்பூர் மண்ணின் உயரத்துக்கே நின்றது.

மண்ணிலேயே இயற்கையாகச் சிறிது குரோமியம் உண்டு என்று ஒரு வாரம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆய்வகத்து அண்ணன்தான், "ஜாடி இன்னாத்துல செஞ்சதுன்னு பாத்தியா?" என்று கேட்டார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்! அதில் பத்து விழுக்காட்டுக்குமேல் குரோமியமே இருக்கும். தூய குவார்ட்ஸ் மணலை அதே ஜாடியில் அதே இருபது நிமிடம் அரைத்தேன்; வெள்ளையாகப் போட்ட மணல் சாம்பல் நிறத்தில் வெளியே வந்தது. அதைச் சுட்டுப் பார்க்காமலே விடை தெரிந்துவிட்டது என்றாலும் சுட்டேன், 425.4-இல் கோடு இருந்தது.

அதற்குப் பின் அகேட் என்ற கடினக் கல்லாலான கல்வத்துக்கு மாறினேன். அகேட் தேய்ந்தாலும் சேர்வது சிலிக்காதான். மண்ணில் அது ஏற்கெனவே ஏராளம். உலோகச் சல்லடைக்குப் பதில் நைலான் துணி. குடியாத்தத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த தாத்தா, சூரணத்தை வஸ்திரகாயம் செய்வதைச் சிறுவயதில் பார்த்திருந்ததால், துணியை இழுத்துக் கட்டித் தட்டுவது எனக்குப் புதிதாக இருக்கவில்லை. ஒரு மாதிரிக்கு முக்கால் மணி நேரம் கையால் அரைக்கவேண்டும். இடையிடையே ஒரு சிட்டிகை குவார்ட்ஸை அரைத்துக் கொட்டிக் கல்வத்தைத் துடைக்கவேண்டும். மணிக்கட்டு வலித்தது.

வில்லை அழுத்துவது தனித் தொல்லை. பதின்மூன்று மில்லிமீட்டர் அச்சில் ஐந்து டன் அழுத்தம் கொடுத்துச் சட்டென்று விடுவித்தால், உள்ளே அடைபட்ட காற்று வில்லையின் மேற்புறத்தை மூடிபோலக் கழற்றிவிடும், மெல்ல விடுவிக்கவேண்டும். ஆம்பூர் மண்ணோ மணற்பாங்கானது, ஒட்டவே இல்லை. ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு செல்லுலோஸ் தூள் சேர்த்தபின் நின்றது. ஆனால் அதே விகிதத்தை அணைக்கட்டு மண்ணிலும், அளவு தெரிந்த குரோமியம் கலந்த ஒப்பீட்டு வில்லைகளிலும் சேர்க்கவேண்டியிருந்தது. இல்லாவிட்டால் நீர்த்த அளவையும் நீர்க்காத அளவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதாகிவிடும்.

ஐப்பசி மழையில் இன்னொன்று தெரிந்தது. தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு அந்த மண்ணிலும் ஊறியிருக்கிறது. இரவு மேசையில் விட்ட வில்லைகள் காலையில் ஓரம் ஈரம் கோத்து உப்பியிருந்தன. அன்றிலிருந்து சிலிக்கா ஜெல் போட்ட உலர்கலனை விட்டு அவை வெளியே வந்ததில்லை.

இறுதியாகச் சுட்டபோது அணைக்கட்டு மண்ணின் கோடு பின்னணி இரைச்சலுக்குச் சற்றே மேலே ஒரு சிறு மேடாக அடங்கியது. ஆம்பூர் மண்ணின் கோடு தனித்து நிமிர்ந்து நின்றது. ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருந்தது: வில்லையின் முகத்தைத் தொடும் அச்சும் எஃகுதான். ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும் முதல் ஐந்து சுடுகளைக் கணக்கில் சேர்க்காமல், ஆறாவதிலிருந்துதான் பதிவு செய்தேன்.