மாட்டுக்குக் கத்தி வீசியவனுக்கு நூறு ரூபாதானா?

வளவுக்குள் மேய வந்த பசுவின் முதுகில் அசிட் ஊற்றுகிறார்கள். ஆட்டின் பின்காலில் கத்தியால் ஒரு போடு போட்டுவிட்டுப் போகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனோடு உள்ள காணிச் சண்டையை அவனுடைய மாட்டுத் தொட்டியில் நஞ்சு கலந்து தீர்க்கிறார்கள். கொழும்பு நகரம்தானே, இங்கே ஏது மாடு என்று கேட்பவர்கள் களனி ஆற்றோரம் வத்தளைப் பக்கமோ வெல்லம்பிட்டியப் பக்கமோ ஒரு நடை போய்ப் பார்க்கலாம். இப்படி ஒன்று நடந்ததும் அயலில் முதலில் கேட்கும் வார்த்தை, "பொலிஸுக்குப் போய் என்ன பிரயோசனம், நூறு ரூபா கட்டிவிட்டு வந்துவிடுவான்." அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் இந்தப் பதிவு.

அந்த நூறு ரூபா வந்த இடம் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். அதன்படி அடித்தல், வதைத்தல், பட்டினி போடுதல், தேவையில்லாத வேதனை தந்து கொல்லுதல் எல்லாமே குற்றம்தான். ஆனால் தண்டனை அதிகபட்சம் நூறு ரூபா தண்டம், அல்லது மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டும். 1907 இல் நூறு ரூபா ஒரு மனிதனை உலுக்கும் பணம். இன்று அதற்கு ஒழுங்காக ஒரு பிளேன்டீயும் வடையும் கிடைத்தால் பெரிய காரியம். புதிய விலங்கு நலச் சட்டத்துக்குச் சட்ட ஆணைக்குழு 2006 இலேயே வரைபு தயாரித்தது. 2016 இல் அமைச்சரவையும் சரி என்றது, ஆனால் அந்த வரைபு பல ஆண்டுகளாகச் சட்டமாகாமலே கிடந்தது. அதனால் பொலிஸார் பழக்கத்தில் கையிலெடுப்பது அந்தப் பழைய கட்டளைச் சட்டத்தைத்தான். மூன்று மாதச் சிறை அதில் எழுதியிருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

ஆனால் மாடும் ஆடும் தெருநாய் போன்றவை அல்ல. அவற்றுக்கு உரிமையாளர் இருக்கிறார், பெறுமதி இருக்கிறது. இங்கேதான் தண்டனைச் சட்டக்கோவை உதவிக்கு வருகிறது. ஒருவருக்கு நட்டம் விளைவிக்கும் எண்ணத்தோடு அவருடைய விலங்கைக் கொல்வது, நஞ்சூட்டுவது, முடமாக்குவது, பயன்படாமல் செய்வது எல்லாம் 411, 412 ஆம் பிரிவுகளின் கீழ் வரும் குற்றங்கள். மாடு, எருமை என்றால் என்ன விலை என்ற கேள்விகூடத் தேவையில்லை. ஆட்டுக்குப் பெறுமதி வரம்பு உண்டு. ஆனால் அது 1883 இன் ரூபாக் கணக்கு, எலும்பும் தோலுமான ஆடுகூட அதைத் தாண்டிவிடும். சிறைத் தண்டனை இங்கே ஆண்டுக் கணக்கில் போகும். உயிரைச் சொத்தாக மட்டும் பார்க்கும் சட்டம் இது என்று மனம் கசக்கலாம், எனக்கும் கசக்கிறது. ஆனாலும் கையில் இருக்கும் கூரான ஆயுதம் இதுதான். முறைப்பாட்டில் "மிருகவதை" என்று மட்டும் எழுதாமல், "என் சொத்தான பசுவை வேண்டுமென்றே முடமாக்கி எனக்கு நட்டம் ஏற்படுத்தினார்" என்ற வசனமும் இருக்கவேண்டும். அந்த ஒரு வசனம் இல்லாததால் நூறு ரூபாவோடு முடிந்த வழக்குகள் ஏராளம்.

உரிமையாளரே தன் மாட்டை வதைத்தால் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். அப்போது 1907 தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அனுமதிப்பத்திரம் பெற்ற கொல்களத்தில் முறைப்படி மாடு அறுப்பது குற்றமல்ல. 1893 இன் இறைச்சிக்கடைக்காரர் கட்டளைச் சட்டம் அதற்கான ஒழுங்கைச் சொல்கிறது. வதை வழக்கை ஒரு சமூகத்தின் சாப்பாட்டோடும் மதத்தோடும் முடிச்சுப் போடுகிறவர்கள் இந்த நாட்டில் குறைவில்லை. அப்படிப்பட்டவர்களின் பதாகை உங்கள் முறைப்பாட்டுக்குப் பின்னால் வந்து நின்றால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு வேலை பாதி முடிந்தது. யார் செய்தான், என்ன செய்தான், எந்த விலங்குக்குச் செய்தான் என்பதைத் தாண்டி ஒரு சொல்லும் வேண்டாம்.

இனி முதல் சில மணித்தியாலங்கள். வழக்கு வெல்வதும் தோற்பதும் இங்கேதான்.

அசிட் என்றால் சாட்சியம், படம் எல்லாம் அப்புறம். குழாய்த் தண்ணீரை இருபது முப்பது நிமிடம் விடாமல் ஊற்றவேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கண்ணைத் திறந்து பிடித்துக்கொண்டு ஊற்றவேண்டும். வேறொருவர் அந்த நேரத்தில் அசிட் சிந்திய மண்ணையும், கருகிய மயிரையும், அங்கே கிடக்கும் போத்தலையும் படம் எடுத்து, வெறுங்கையால் தொடாமல், பொலிஸார் வரும்வரை யாரும் கால் வைக்காதபடி மறித்து வைக்கலாம். பொலிஸார் அந்த மண்ணை எடுக்கும்போதும் தகரப் பேணியில் போட விடாதீர்கள், அசிட் தகரத்தைத் தின்றுவிடும்; மூடியுள்ள கண்ணாடிப் போத்தல்தான் சரி.

வெட்டுக்காயம் என்றால் இரத்தத்தை அழுத்திக் கட்டுங்கள். மஞ்சள், சாம்பல், தேங்காயெண்ணெய் எதையும் மிருகவைத்தியர் பார்க்கும்வரை அப்பவேண்டாம். காயத்தின் விளிம்பு மறைந்துபோனால் அது கத்தியா, முட்கம்பியா என்று அவராலும் உறுதியாகச் சொல்லமுடியாது. நீதிமன்றத்தில் எழும் கேள்வியே அதுதான். கத்தி வெட்டின் விளிம்பு நேராக, மயிரும் சீராக அறுபட்டு இருக்கும். கம்பியில் கிழிந்த காயம் கந்தலாக, ஆழம் குறைந்து, மாடு ஓடிய திசையில் இழுபட்டு இருக்கும். கொதிநீர் ஊற்றியிருந்தால் முதல் நாள் தோல் சிவந்து வீங்கியது மட்டும்தான் தெரியும். மயிர் கொத்தாக உதிர்வது இரண்டு மூன்று நாள் கழித்து. ஆகவே முதல் நாள் படம் மட்டும் போதாது, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் எடுக்கவேண்டும். அசிட் வழிந்த இடங்களில் காயம் மேலிருந்து கீழே கோடுகோடாக இறங்கியிருக்கும். அந்தக் கோடுகள்தான் அது மேலிருந்து ஊற்றப்பட்டது என்பதைக் காட்டும், நோயினால் வந்த புண் அப்படி ஓடாது. நம் வெக்கையில் திறந்த காயத்தில் ஒரு நாளுக்குள் ஈ முட்டையிட்டுவிடும். சிகிச்சையைத் தள்ளிப்போட்டுப் புழு வைத்தால், "உரிமையாளர் கவனிக்காமல் விட்டார்" என்று கதை திரும்பும்.

படத்துக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் முழு விலங்கும் நான்கு பக்கத்திலிருந்தும். பிறகு காதில் குத்திய இலக்கத் தகடு அல்லது உடம்பில் சுட்ட குறி. பிறகு காயம், பக்கத்தில் ஒரு அடிமட்டம், இல்லாவிட்டால் பத்து ரூபாக் குற்றி. கடைசியாக இடம்: வேலி, படலை, இரத்தத் துளிகள், மாட்டின் குளம்படிகள். "என் தோட்டத்துக்குள் வந்து பயிரைத் தின்றது" என்பதுதான் எப்போதும் வரும் எதிர்வாதம். குளம்படி எங்கே நிற்கிறது என்ற படம் அதற்கு விடை. உண்மையிலேயே தோட்டத்துக்குள் வந்திருந்தாலும், பிடித்துக் கட்டி அறிவித்து நட்டஈடு கேட்கும் வழியை 1876 இன் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் காட்டுகிறது, வெட்டச் சொல்லவில்லை. படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் பற்றிய தகவல் அழிந்துபோகும். மூலக் கோப்பு எடுத்த தொலைபேசியிலேயே இருக்கட்டும். அனுப்பவேண்டுமானால் டொக்கியுமன்ட் ஆக அனுப்புங்கள். இந்த ஒளிப்பதிவுகளைச் சான்றாக ஏற்கும் வழி 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டத்தில் உண்டு. ஆனால் விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். வழக்கை நடத்துபவர் இதை மறந்தால் நல்ல சீசீடிவி காட்சியும் வீண்.

நஞ்சு வழக்குகள் தனி ரகம், தோற்பதும் அதிகம். பூச்சிநாசினி உண்ட மாடு வாயில் நுரை தள்ளும், தசை துடிக்கும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், கழியும், மூச்சுக்குத் திணறும். ஆனால் திடீரென்று விழுந்து சாகும் எல்லா மாட்டுக்கும் எதிரி இருப்பதில்லை. மரவள்ளி இலை தின்று சயனைட் ஏறிச் செத்திருக்கலாம், யூரியா உர மூட்டையை நக்கியிருக்கலாம். இதைப் பிரித்துக் காட்டாமல் அயலவன் பெயரைச் சொல்லிவிட்டால், முதல் குறுக்கு விசாரணையிலேயே வழக்கு உடைந்துவிடும். செத்த மாட்டின் இரைப்பை நம் ஊர் வெயிலில் சில மணித்தியாலத்தில் ஊதி உள்ளுறுப்பெல்லாம் அழுகத் தொடங்கும். காலையில் செத்தால் மதியத்துக்குள் உடற்கூற்றுப் பரிசோதனை நடக்கவேண்டும். இரைப்பையில் உள்ளதில் அரைக் கிலோவுக்குக் குறையாமல், ஈரல், சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் நூறு கிராம் அளவில், தனித்தனிப் பாத்திரத்தில், போமலின் ஊற்றாமல் குளிரில் வைக்கவேண்டும். போமலின் நுண்காட்டிப் பரிசோதனைக்கான துண்டுகளுக்கு மட்டும். மீன் கடை ரெஜிபோம் பெட்டியும் ஐசும் போதும். மாதிரிகளை எடுப்பவர் மிருகவைத்தியர், முத்திரையிட்டுக் கொண்டுபோவது பொலிஸ், நீதிமன்றக் கட்டளையோடு போய்ச் சேருவது பத்தரமுல்லையில் உள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம். இடையில் உரிமையாளர் அந்தப் பையை முச்சக்கரவண்டியில் தானே தூக்கிக்கொண்டு போனால், மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற சான்றுச் சங்கிலி அறுந்தது. நல்லெண்ணத்தோடு செய்தார் என்பது அங்கே செல்லாது.

மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கருப்பு இரத்தம் வடிந்த நிலையில் மாடு செத்துக் கிடந்தால் யாரும் கத்தி வைக்கக்கூடாது. அது அந்திராக்சாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். தூர நின்று மிருகவைத்தியரை அழையுங்கள்.

மிருகவைத்தியர் யார்? பிரதேச செயலகப் பிரிவுக்குரிய அரச மிருகவைத்திய அலுவலகத்தில் இருப்பவர், அல்லது மாநகர எல்லைக்குள் மாநகர சபையின் மிருகவைத்தியப் பிரிவு. தனியார் வைத்தியர் சிகிச்சை செய்யலாம்; அறிக்கை அரச வைத்தியரிடமிருந்து வந்தால் பலம் அதிகம். அறிக்கையில் "வெட்டுக்காயம், தையல் போடப்பட்டது" என்று இரண்டு வரி இருந்தால் அதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. காயத்தின் நீளமும் ஆழமும், எத்தகைய ஆயுதம், எத்தனை மணித்தியாலப் பழமை, தற்செயலாக ஏற்பட்டிருக்க முடியுமா, எலும்போ தசைநாரோ அறுந்ததா, இனி நடக்குமா, பால் தருமா, காயத்துக்கு முன் சந்தைப் பெறுமதி என்ன, இப்போது என்ன: இவற்றை எழுதித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். "பயன்படாமல் செய்தல்" என்ற சட்டச் சொல்லுக்கு உயிர் கொடுப்பது அந்தக் கடைசிக் கேள்விகள்தான்.

பொலிஸ் நிலையத்தில் உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவுப்படி, வாயால் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, அதன் பிறகுதான் கையொப்பம் வாங்கவேண்டும். சிங்களத்தில் எழுதியதை வாசித்து விளங்காமல் கையெழுத்து வைக்கவேண்டாம். முறைப்பாட்டு இலக்கம், திகதி, எழுதிய உத்தியோகத்தரின் பதவி எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். பொறுப்பதிகாரி ஏற்க மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், அதற்கு மேல் தேசிய பொலிஸ் ஆணைக்குழு. பயமுறுத்தல் வந்தால் அதையும் உடனே தனி முறைப்பாடாகப் போடுங்கள். சாட்சிகளைப் பாதுகாக்க 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

அடுத்த பொறி சமரசம். சிறு சொத்துச் சேதம் என்று சொல்லி மத்தியஸ்த சபைக்கு அனுப்பப் பார்ப்பார்கள். தற்செயலான சம்பவம் என்றால் அது நல்ல இடம்தான், நானும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே கிடைப்பது நட்டஈட்டு உடன்பாடு. குற்றத்தீர்ப்பு கிடைக்காது. அடுத்த தடவை அதே ஆள் அதே கத்தியை எடுக்கும்போது அவன் பெயரில் முன்குற்றம் எதுவும் இருக்காது. பொலிஸ் வழக்குப் போடாமலே இழுத்தடித்தால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136 ஆம் பிரிவின் கீழ் நீங்களே நேரடியாக நீதவானிடம் சத்தியத்தோடு பிராது தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்த பொலிஸ் பிரிவைப் பொறுத்துப் புதுக்கடை, மாளிகாகந்த, கல்கிசை என்று நீதிமன்றம் மாறும். சட்டத்தரணி செலவு உண்டு, தவணை தவணையாக அலைச்சலும் உண்டு. சாட்சி உறுதியாக இல்லாவிட்டால் இந்த வழிக்குப் போகாதீர்கள்.

மாடுகளை அடைத்துக்கொண்டு போகும் லொறியைக் கண்டால் மறிக்கப் போகவேண்டாம். இலக்கம், இடம், நேரம், போகும் திசை இவற்றோடு 119. அனுமதிப்பத்திரமும் உரிமைச் சீட்டும் கேட்கும் அதிகாரம் பொலிஸுக்குத்தான்.

ஊரில் நிலைமை இன்னும் மோசம். மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் போராட உட்கார்ந்தபோது சொன்ன குறைகளில், மேய்ச்சல் தரையைப் பறிகொடுத்ததோடு, சுடப்பட்டும் கண்ணியில் சிக்கியும் செத்த மாடுகளும் இருந்தன. காட்டுக்குள் செத்த மாட்டுக்கு மிருகவைத்தியர் வந்துசேர்வதற்குள் உடம்பு மிஞ்சுவதில்லை. அங்கே உறவினர் இருப்பவர்கள் அவர்களுக்குச் சொல்லவேண்டியது இதுதான்: காதுத் தகட்டின் படமும் பண்ணைப் பதிவும் மாடு உயிரோடு இருக்கும்போதே தயாராக இருக்கவேண்டும், செத்த பிறகு உரிமையை நிரூபிக்க வேறு வழி இராது.

உயிரோடு இருக்கும் மாடு வழக்கில் சான்றுப் பொருளாகிவிடும் என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். பொலிஸ் நிலைய முற்றத்தில் கட்டினால் 300 கிலோ பசு ஒன்றுக்கு நாளுக்கு 30 கிலோ பசும்புல்லும் 40 லீற்றர் தண்ணீரும் யார் கொடுப்பது? முதல் தவணையிலேயே குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431 ஆம் பிரிவைச் சொல்லி, பிணை முறியில் உங்கள் பொறுப்பில் விடும்படி விண்ணப்பியுங்கள். விடுவித்தால், தீர்ப்பு வரும்வரை விற்கவோ அறுக்கவோ இடம் மாற்றவோ முடியாது. மருந்துப் பற்றுச்சீட்டுகளைத் திகதிப்படி ஒரு கோவையில் போட்டு வையுங்கள். குற்றம் நிரூபணமானால் அதே சட்டக்கோவையின் 17 ஆம் பிரிவில் நட்டஈடு கேட்கும்போது நீதவான் முதலில் கேட்பது அவற்றைத்தான்.