கண்டிச்சீமையில் ஒரு மணி

இலங்கையில் அப்பா பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு அப்பாயி சொன்ன பெயர் எந்த மேப்பிலும் இல்லை. அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டில் இருந்ததோ ஓர் ஆங்கிலப் பெயர். இரண்டும் ஒரே இடமா என்ற சந்தேகத்தோடுதான் கொழும்பு கோட்டையில் ரயில் ஏறினேன். எங்கள் வீட்டில் ரயிலுக்கு இன்னும் கோச்சி என்றுதான் பெயர். ஹட்டன் பஸ் ஸ்டாண்டு டீக்கடைப் பெரியவரிடம் அப்பாயி சொன்ன பெயரைச் சொன்னதும், "அது எங்க வாய்க்கு வந்த பேரு தம்பி. வெள்ளக்காரத் தொர வச்ச பேரு வேற" என்று சொல்லி ஒரு ஆட்டோவை நிறுத்தினார். அவர் சொன்ன ஆங்கிலப் பெயர் பாஸ்போர்ட்டில் இருந்ததேதான்.

அப்பா 1958-ல் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். இலங்கையும் இந்தியாவும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அங்கே குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. அதில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கடைசியில் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கேயும் தேயிலைதான்.

முதல் வேலையாகப் பதிவாளர் அலுவலகத்தில் அப்பாவின் பிறப்புச் சான்றிதழுக்கு மனுப் போட்டேன். இரண்டு நாளில் நகல் கிடைத்தது. அதில் ஒரு கட்டம்: பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். அதற்குக் கீழே பூட்டனாருக்கும் அதே கேள்வி. இரண்டிலும் ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.

அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் கேட்டதும் இதைத்தானே? உன் அப்பா இங்கே பிறந்தாரா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, காட்டு என்றது. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு வந்து லயத்தில் குடியேறியவர்கள் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்? நான் ஆசைப்பட்டுத் தேடி வந்த வம்சாவளியை அவர்களிடம் அரசாங்கமே கேட்டு, இல்லை என்றதும் நாடற்றவர்கள் ஆக்கிவிட்டது. இன்னொன்றும் உறைத்தது. அந்தக் கட்டத்தில் இலங்கையில் பிறக்காதவர் எங்கே பிறந்தார் என்று எழுத இடமே கிடையாது. என் கொள்ளுத்தாத்தா அந்தக் கோட்டோடு முடிந்துபோனார்.

தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர் நல்ல மனிதர். ஆனால் அந்தக் காலத்துச் செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேடு, எதுவும் மிஞ்சவில்லை. "கோயில்ல போய் பாருங்க" என்று அவர்தான் சொன்னார்.

காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் எடுக்கும் பழைய பெரட்டுக்களத்தைத் தாண்டி, தேயிலை மலைக்கு நடுவே மாரியம்மன் கோயில். வாசல் உத்திரத்தில் ஒரு வெண்கல மணி, எண்ணெய்ப் புகை ஏறிக் கறுத்துக் கிடந்தது. ஓரத்தில் எழுத்து மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. பூசாரி ஐயா ஸ்டூல் போட்டு ஏறி, புளியைக் கரைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கறுப்பு வழிந்து, அடியில் ஒவ்வொரு எழுத்தாக மஞ்சளாய் வந்தது. முதலில் 'உபயம்'. அப்புறம் என் கொள்ளுத்தாத்தா பெயர், இன்னார் மகன் என்று அவருடைய அப்பா பெயர். திருச்சி ஜில்லா, முசிறி தாலுகா. ஊர்ப் பெயரின் முதல் இரண்டு எழுத்து தேய்ந்துபோய் '...பட்டி' மட்டும் நின்றது. கடைசியில் பிரஜோற்பத்தி வருஷம், தை மாதம்.

நான் அறிந்த பிரஜோற்பத்தி 1991-ல் வந்தது. அறுபதைக் கழித்தால் 1931. தை என்றால் 1932 ஜனவரியில் வரும். கொழுந்து எடுத்த கூலியில் மிச்சம் பிடித்து மணி வார்த்துக் கொடுத்த மனிதர், தன் அப்பா பெயரையும் ஊரையும் அதில் வெட்டச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்தது.

அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டேன். எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"அந்த மணிய எட்டி எட்டி அடிச்சிருக்கேன்டா. எழுத்து இருந்தது தெரியாது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "முசிறியில பட்டின்னு முடியிற ஊரு எத்தனை இருக்கும்?" என்று கேட்டார்.

பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். தை பிறந்ததும் இரண்டு பேரும் கிளம்புகிறோம்.