ஓர் அளவுருவை நீக்கச் சொன்னது பற்றி

“வளைகோடு எல்லாப் புள்ளிகளின் வழியாகவும் செல்கிறது, சார். ஒரு கணித மாதிரியிடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்க வேண்டும்?” என்று என்னுடன் பணிபுரிந்த இளைய ஆய்வாளர் கேட்டார். நான் சொன்ன பதில் சரியானதென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

உருளைக் கலத்தில் உள்ள ஃபெரோ திரவம், அதாவது நுண்ணிய காந்தத் துகள்கள் மிதக்கும் திரவம், சுழலும் காந்தப்புலத்தில் ஏன் ஓடத் தொடங்குகிறது என்பதே எங்கள் கணக்கு. சுமார் 10 நானோமீட்டர் அளவுள்ள மேக்னடைட் துகள்களின் காந்தமாக்கம் புலத்துக்குச் சற்றுப் பிந்துவதால், திரவமெங்கும் ஒரு திருப்புவிசை எழுகிறது. அது எல்லா இடத்திலும் சம அளவாக இருந்தால் துகள்கள் இருந்த இடத்திலேயே சுழலும். திரவத்தை ஓடச்செய்யும் நிகர விசை பிறக்காது. ஓட்டத்தை வரவழைக்க அவர் சேர்த்தது சுழற்சிப் பாகுநிலை, அதாவது துகள்களின் சுழற்சி அண்டைப் பகுதிக்குப் பரவுவதைக் குறிக்கும் எண். அளவீடுகளோடு பொருந்துவதற்காக அவர் வைத்த மதிப்போ, கோட்பாடு தரும் மதிப்பைவிடப் பத்தின் பல அடுக்குகள் பெரியது.

“துகள்களின் இடைவெளியைத் தாண்டி இவ்வளவு தூரத்துக்குச் சுழற்சியைக் கடத்துவது எது என்று சொல்லுங்கள், வைத்துக்கொள்வோம்” என்றேன். அவர் பதில் சொல்லாமல் சமன்பாட்டிலிருந்து அந்த உறுப்பை நீக்கினார்.

என் பக்கம் நியாயம் இருந்தது. கலத்தின் உயரம் வரம்புக்குட்பட்டது என்பதால் உள்ளே புலம் முழுவதும் சீராக இருப்பதில்லை. அந்தச் சீரின்மையே ஓட்டத்தை உண்டாக்கப் போதுமானது. கோளக் கலத்தில் சீரான சுழல்புலம் அளித்தபோது ஓட்டம் தென்படவில்லை என்று பிறர் செய்த சோதனையும் உண்டு.

ஆனால் 1972 இல் ஷ்லியோமிஸ் தந்த காந்தமாக்கச் சமன்பாட்டில் நாங்கள் இட்ட தளர்வு நேரமும், அதாவது புலம் மாறும்போது காந்தமாக்கம் அதற்கேற்ப மாற எடுக்கும் நேரமும், பொருத்திப் பெற்ற எண்தானே? துகளே திரவத்தில் திரும்புவதால் வரும் பிரௌனியத் தளர்வு நேரம் துகளின் பருமனுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், விட்டம் இரு மடங்கானால் அது எட்டு மடங்காகும். பல அளவுத் துகள்கள் கலந்த திரவத்துக்கு ஒரே நேரத்தை வைத்ததை நான் கேள்வியின்றி ஏற்றேன். மாறுதிசைப் புலத்தில் காந்த ஏற்புத்திறனை, அதாவது புலத்துக்குத் திரவம் எவ்வளவு காந்தமாகிறது என்பதை, அளந்து தளர்வு நேரத்தைத் தனியே சரிபார்க்க முடியும், சுழற்சிப் பாகுநிலையை முடியாது என்பதே நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் வேறுபாடு. அந்த அளவீட்டை நாங்கள் செய்யவில்லை.

உறுப்பை நீக்கிய பின் வந்த கோடு, சுவரருகே அவர் அளந்த புள்ளிகளுக்குக் கீழேயே சென்றது. அறிக்கையில் அதுவே இடம்பெற்றது. இரண்டு கோடுகளையும் அருகருகே அச்சிட்டு, பொருந்திய கோட்டுக்குத் தேவைப்பட்ட சுழற்சிப் பாகுநிலை மதிப்பையும் எழுதியிருக்கலாம் என்று சில நாட்களில் தோன்றுகிறது. அப்படிச் செய்திருந்தால், பொருந்திய கோட்டைப் பார்த்த வாசகர் மற்றதன் அருகில் எழுதிய காரணத்தைப் படித்திருப்பாரா என்பதில்தான் எனக்கு உறுதியில்லை.